மடக்குக் கத்தியின் விசித்திரங்கள்: சென்னையில் சேகரிக்கத் தொடங்குபவருக்கு நான்கு கத்திகளைப் பற்றிய மதிப்புரை

என் அக்கா மகன் முதல் சம்பளம் வாங்கிய மாதத்தில் வீட்டுக்கு வந்தான். மேசை இழுப்பறையில் நான் வைத்திருக்கும் மடக்குக் கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்தும் மூடியும் பார்த்துவிட்டு, "மாமா, நானும் சேர்க்கலாம்னு இருக்கேன். மொதல்ல எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பேச்சு இரவுச் சாப்பாடு வரை நீண்டுவிட்டது. அன்று அவனிடம் சொன்னவற்றை ஒழுங்குபடுத்தி எழுதியதே இந்த மதிப்புரை. பிரான்சின் ஓபினெல் 8, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் பயனீர், ஜப்பானின் ஹிகோனோகாமி, மீண்டும் பிரான்சிலிருந்து டூக்-டூக் ஆகிய நான்கையும் திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போய்விடக்கூடிய தொலைவில் உள்ள வீட்டில் வைத்துப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கடற்கரை அருகில் என்பதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இந்தக் கத்திகளை என்னைவிடக் கடுமையாகச் சோதித்தது இந்த ஊரின் உப்புக் காற்றுதான்.

புதிதாகச் சேகரிப்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, மடக்குக் கத்தி என்பது மிக வலுவாக இருக்க வேண்டிய இடத்திலேயே துண்டிக்கப்பட்ட கத்தி என்பதை. சமையலறைக் கத்தியில் அலகின் இரும்பு பிடிக்குள்ளும் தொடர்ந்து ஓடுகிறது; மடக்குக் கத்தியில் அந்த இடத்தில் ஓர் அச்சாணி மட்டுமே நிற்கிறது. ஆகவே அதைச் செய்கிறவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். திறந்த அலகு விரல்மீது மடங்காமல் நிற்பது எப்படி? மூடிய அலகு சட்டைப்பைக்குள் தானாகத் திறக்காமல் இருப்பது எப்படி? நகத்தாலா, கட்டைவிரலாலா, ஒரு கையாலா, இரு கைகளாலா, எதனால் அதைத் திறப்பது? பார்த்தவுடன் குறையாகவோ வீண் அலங்காரமாகவோ தோன்றும் பல விசித்திரங்கள் இந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு அந்தந்தப் பட்டறை கண்டுபிடித்த விடைகளே. எந்தக் கத்தி எந்தக் கேள்விக்கு என்ன விடை வைத்திருக்கிறது என்று பார்க்கப் பழகிய பிறகு, விலையும் விளம்பரமும் கண்ணை மறைப்பதில்லை.

நம் திரைப்படங்கள் மடக்குக் கத்தியை ரவுடியின் கைப்பொருளாகவே காட்டிப் பழக்கிவிட்டதால், இதைச் சேர்க்கிறேன் என்று சொன்னாலே வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறுகிறது. இறகுப் பேனாவின் முனையைச் சீவியதால் பேனாக் கத்தி என்று பெயர் பெற்ற சிறு கத்தி, பிறகு பென்சில் சீவவும் உறை பிரிக்கவும் மேசைகளில் இடம்பிடித்தது. என் தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் கொம்புப் பிடி போட்ட ஒரு சிறு மடக்குக் கத்தி எப்போதும் கிடக்கும். வெற்றிலைக் காம்பு கிள்ளுவதைத் தவிர வேறெதற்கும் அதை அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. நான் எழுதுவது அந்த வகைக் கத்திகளைப் பற்றியே.

முதலில் ஓபினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் என்பவர் 1890-ல் உழவர்களுக்காகச் செய்யத் தொடங்கிய கத்தி இது. 1897-ல் 1 முதல் 12 வரை அளவு எண்கள் இடப்பட்டன. 1-ம் 11-ம் பின்னர் கைவிடப்பட்டன. எண்ணைச் சென்டிமீட்டர் என்று நினைத்துக்கொண்டு வாங்குவது புதியவர்கள் செய்யும் தவறு. 10-க்கும் 12-க்கும் கணக்குச் சரியாக வருகிறது; ஆனால் 8-ன் அலகு 8.5 சென்டிமீட்டர், 6-ன் அலகு 7 சென்டிமீட்டர். அலகில் பொறித்திருக்கும் கிரீடம் சூடிய கைச் சின்னத்தில், கை அந்த வட்டாரத்தின் செயின்ட்-ழான்-த-மொரியேன் ஊரின் சின்னத்திலிருந்து வந்தது.

அலகை அழுத்திப் பிடிக்கும் எஃகு வில் (ஸ்பிரிங்) இந்தக் கத்தியில் இல்லை என்பதே இதன் முதல் விசித்திரம். ஒரே துண்டு பீச் மரத்தைக் கடைந்து, அதில் ரம்பத்தால் ஒரு பிளவு அறுத்து, அலகை ஆணியால் கோத்திருக்கிறார்கள். அலகைப் பிடித்து நிறுத்துவது மரத்தின் இறுக்கம் மட்டுமே. ஆகவே காற்றில் ஈரம் ஏறும்போது கத்தியும் மாறுகிறது. ஐப்பசி மழையில் நம் வீட்டு மரக்கதவு நிலையில் இறுகிக்கொண்டு, தோளால் இடித்தால்தான் திறக்கும் அல்லவா? அதே மரக்குணம் இங்கே கைக்குள் இருக்கிறது. பருவமழை நாட்களில் பிடி உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். நகப்பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்தால் நகம்தான் வலிக்கும். சவோய்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் வழி அழகானது. பிடியின் கழுத்தில் உள்ள பூட்டு வளையத்தை (அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்) திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, கத்தியைக் கையில் தளர்வாகப் பிடித்து, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்த அதிர்வில் அலகின் நுனி பிளவிலிருந்து சற்றே எட்டிப் பார்க்கும். பிறகு இரு விரலால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். என் அக்கா மகன் மூன்றாவது தட்டில் இதைக் கற்றுக்கொண்டான். அதன் பிறகு தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தட்டித்தான் திறக்கிறான்.

மழைக்காலத்தில் இறுகிவிட்டதே என்று அவசரப்பட்டு உப்புத்தாளால் பிளவின் உட்புறத்தைத் தேய்த்துவிடக் கூடாது. கார்த்திகையில் தேய்த்துச் சரிசெய்த பிளவு பங்குனியில் மரம் வற்றும்போது அளவுக்கு மீறித் தளர்ந்துவிடும். தளர்ந்த மரத்தை மீண்டும் இறுக்க எளிய வழி எதுவும் இல்லை. ஒரு முழு ஆண்டு கத்தியை அதன் போக்கில் விட்டு, எந்த மாதத்தில் எவ்வளவு இறுகுகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு வேண்டுமானால் ஆணிப் பகுதியில் ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். நான் அவ்வளவே செய்திருக்கிறேன்.

இரண்டாவது விசித்திரம், கழுத்தில் சுழலும் வளையம். ஜோசப்பின் மகன் மார்செல் ஓபினெல் 1955-ல் இதைக் கொண்டுவந்தார். வளையத்தில் ஒரு பிளவு இருக்கிறது. அந்தப் பிளவு அலகுக்கு நேராக இருந்தால் கத்தி மடங்கும், வளையத்தைத் திருப்பி அதன் விளிம்பை அலகின் அடிக்குப் பின்னால் கொண்டுவந்தால் மடங்காது. வளைய விளிம்பு சற்றுச் சாய்வாக இருப்பதால், திருப்பத் திருப்ப இறுகும். எந்தப் பக்கத்திலும் ஆட்டம் இல்லாமல் அலகு நிற்கும். 2000-க்குப் பிறகு வந்தவற்றில் மூடிய நிலையிலும் பூட்டலாம் என்பதால் பையில் போட்டுக்கொண்டு போக அச்சமில்லை. முதலிரண்டு கேள்விகளுக்கும் ஒரே தகட்டு வளையத்தால் விடை சொன்ன இந்த எளிமையை வேறு எந்தக் கத்தியிலும் நான் பார்த்ததில்லை. மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை பழைய காலத்ததே: இரண்டு கைகளும் வேண்டும். எண் 2 முதல் 5 வரையிலான சிறியவற்றில் இந்த வளையம் கிடையாது, 6-லிருந்துதான் தொடங்குகிறது. சாவிக்கொத்தில் மாட்டலாம் என்று சின்னதாக வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதாக, கார்பன் எஃகு வாங்குவதா, துருப்பிடிக்காத எஃகு வாங்குவதா என்ற கேள்வி. கார்பன் எஃகு சாணைக்கல்லில் எளிதில் கூர் ஏறும். அதன் நிறமாற்றமும் ஓர் அழகு. மாங்காய் நறுக்கும்போது அலகைப் பாருங்கள். முதல் கீற்றில் வெள்ளி நிறத்தில் இருந்தது, நான்காவது ஐந்தாவது கீற்றுக்குள் புகை படிந்த கண்ணாடிபோல மங்கத் தொடங்கி, துடைத்துக் காய வைத்த பிறகு மயில்கழுத்தின் நீலமும் வெளிர் ஊதாவும் கலந்த திட்டுகளாக நிற்கும். அந்தப் படலம் நல்ல படலம். சிவப்புத் துருவை ஓரளவு தள்ளி நிறுத்தும். ஆனால் துடைக்காமல் மடக்கிவிட்டால் கதை வேறு. ஒருமுறை எலுமிச்சம்பழம் அரிந்துவிட்டு, விருந்தாளி வந்த அவசரத்தில் அப்படியே மூடி வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் திறந்தபோது, வெளியே தெரிந்த பகுதி நன்றாகத்தான் இருந்தது. பிளவுக்குள் மறைந்திருந்த அடிப்பகுதியில் மட்டும் கடுகு சிதறியதுபோல ஆரஞ்சுப் புள்ளிகள். பிழை முழுக்க என்னுடையது. சென்னையில் முதல் ஓபினெல் வாங்குகிறவருக்கு நான் துருப்பிடிக்காத அலகையே பரிந்துரைப்பேன். அதில் உள்ள 12சி27 வகை ஸ்வீடன் எஃகு கூர் பிடிப்பதில் அப்படியொன்றும் பின்தங்கியதல்ல. கார்பனின் நீலத்தைப் பார்க்க ஆசை இருந்தால் இரண்டாவதாக வாங்கிக்கொள்ளலாம்.

வெட்டும் வேலையில் ஓபினெல் இந்த நான்கிலும் முதலிடம் பெறும். அலகு மிக மெல்லியது. கொய்யாவும் ரொட்டியும் தக்காளியும் அதற்குப் பஞ்சு மாதிரி. ஆனால் மெல்லிய அலகை நெம்புகோலாக்கக் கூடாது. தேங்காய்ப் பத்தையைக் கொட்டாங்கச்சியிலிருந்து நெம்ப ஒருவர் எடுத்தால், கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

அடுத்து விக்டோரினாக்ஸ். கார்ல் எல்ஸனர் 1884-ல் சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் பட்டறை தொடங்கி, 1891-ல் சுவிஸ் படைக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். எல்லோருக்கும் தெரிந்த பல கருவிக் கத்தியின் முன்னோடியான அதிகாரிகள் கத்தி 1897-ல் பதிவு செய்யப்பட்டது. தாயின் பெயரான விக்டோரியாவையும் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் இனாக்ஸ் என்ற சொல்லையும் சேர்த்து 1921-ல் உருவானதே இன்றைய பெயர். சிவப்புப் பிளாஸ்டிக் பிடி போட்ட 91 மில்லிமீட்டர் கத்திகளே ஊரெங்கும் தெரிந்தவை என்றாலும், சேகரிக்கத் தொடங்குபவருக்கு 93 மில்லிமீட்டர் பயனீரையே நான் சொல்வேன். அதன் பிடி வரிவரியாக அச்சிட்ட அலுமினியத் தகடு. வைகாசி வியர்வையில் பளபளப்பான பிளாஸ்டிக் கையில் வழுக்கும்போது, இந்த வரிகள் உள்ளங்கையைப் பற்றிக்கொள்கின்றன. 1961 முதல் சுவிஸ் வீரர்கள் வைத்திருந்த கத்தியின் நெருங்கிய உறவுக்காரன் இது. அந்தப் படைக்கத்திகளின் அலகு அடியில் தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பிறந்த ஆண்டுக் கத்தியைத் தேடிப் பிடிப்பது இத்துறையில் பலருக்கும் முதல் வேட்டை.

இதன் விசித்திரம், பூட்டு இல்லாமலேயே நிற்பது. பிடியின் முதுகில் ஓர் எஃகு வில் ஓடுகிறது. அலகின் அடிப்பாகம் சதுரம்போல் தட்டையான பக்கங்களுடன் செதுக்கப்பட்டிருக்கிறது. வில் அந்தத் தட்டையில் அழுந்தி நிற்கும்வரை அலகு அசையாது, விலக்கினால் மூலை வழியாக ஏறி அடுத்த தட்டையில் 'டக்' என்று விழும். இந்த ஓசையை வைத்தே பழைய சேகரிப்பாளர்கள் ஒரு கத்தியை எடைபோடுவார்கள். திறக்கும்போதும் மூடும்போதும் ஓசை தெளிவாக, ஒரே கனத்தில் விழ வேண்டும். மந்தமாக விழுந்தால் உள்ளே அழுக்கு இருக்கிறது அல்லது வில் சோர்ந்திருக்கிறது. ஆனால் வில் பூட்டாகாது. அலகின் முதுகில் அழுத்தம் விழும் வேலைகளை, குறிப்பாக நுனியால் குத்தித் துளையிடுவதை, இந்த அலகால் செய்யவே கூடாது. மடங்கி நேராக விரலுக்குத்தான் வரும். துளையிட என்றே பின்புறத்தில் ஒரு குத்தூசி கொடுத்திருக்கிறார்கள். பெல்ட்டில் கூடுதல் ஓட்டை போடவும், அட்டைப்பெட்டியில் கயிறு கோக்கவும் அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். டின் திறப்பானும் பாட்டில் திறப்பானும் எதிரெதிர் முனைகளில் இருந்தாலும், இரண்டையும் அழுத்துவது ஒரே வில்தான். ஒன்றைப் பாதியளவு திறந்து நிறுத்தினால் வில் தூக்கிக்கொள்ளும். எதிர்முனைக் கருவி அந்த நேரத்துக்குத் தளர்ந்து ஆடும். முதன்முறை இதைப் பார்த்தவர்கள் கத்தி பழுதென்று கடைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு ஓடுவதுண்டு. பழுதில்லை, ஒரு வில்லை இருவர் பங்கிட்டுக்கொள்வதன் விளைவு. டின் திறப்பானும் இப்படித்தான் பலரைக் குழப்புகிறது. விக்டோரினாக்ஸில் அது முன்னோக்கி நகர்ந்து வெட்டும். 2005-ல் விக்டோரினாக்ஸுடன் சேர்ந்துவிட்ட இன்னொரு சுவிஸ் நிறுவனமான வெங்கரின் பழைய கத்திகளில் பின்னோக்கி இழுத்து வெட்ட வேண்டும். சுவிஸ் கத்தி என்று பெயர் எழுதி வைத்திருக்கும் பழைய கத்தியின் பிடித் தகடு தேய்ந்து சின்னம் தெரியாவிட்டால்கூட, டின் திறப்பானின் போக்கை வைத்து இது எந்த வீட்டுப் பிள்ளை என்று கண்டுகொள்ளலாம்.

91 மில்லிமீட்டர் வகை சிலவற்றின் பின்புறத்தில் ஒரு கொக்கி இருக்கும். 1991-ல் சேர்க்கப்பட்ட அந்தக் கொக்கி எதற்கென்று பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேருக்குத் தெரியாது. கயிறு கட்டிய பொட்டலத்தை விரல் அறுபடாமல் தூக்குவதற்கு அது. பாண்டி பஜாரில் நாலைந்து பைகளின் கைப்பிடிகளை அதில் மாட்டி, கத்தியின் உடலை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். அதைப் பயனற்றது என்று பிறகு சொல்ல மாட்டீர்கள். பயனீரில் அது இல்லை என்பது எனக்குச் சிறு வருத்தம். அலகின் எஃகு சற்று மென்மையானது; சீக்கிரம் மழுங்கும், ஆனால் ஐந்து நிமிடத்தில் மீண்டும் கூராகும். துருவைப் பொறுத்தவரை இந்த நான்கில் கவலை மிகக் குறைந்தது இதுவே.

ஹிகோனோகாமியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம், ஆனால் கத்தியோ மிகக் குறைவான உறுப்புகளைக் கொண்டது. ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் உள்ள மிக்கி நகரத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி. பெயருக்கான உரிமையோடு இன்று அதைச் செய்வது நாகாவோ கானெகோமா என்ற ஒரே பட்டறை. பித்தளைத் தகட்டை மடித்து வைத்த பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் அடியிலிருந்து வால்போல ஒரு நெம்பு நீண்டிருக்கிறது. மூடியிருக்கும்போது அது பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அலகு எழும். திறந்த பிறகு அந்த நெம்பு பிடியின் முதுகில் படுத்துக்கொள்ள, கட்டைவிரலை அதன்மேல் வைத்திருக்கும்வரை அலகு மடங்காது. அதாவது, இந்தக் கத்தியின் பூட்டு உங்கள் கட்டைவிரலே. பிடிக்கும் முறையைக் கற்றுக்கொள்ளாதவர் கையில் இது ஆபத்து. கற்றுக்கொண்டவருக்குப் பென்சில் சீவ இதைவிட இன்பமான கருவி கிடையாது. ஆணி தளர்ந்தால் திருகத் திருப்புளி வேண்டாம். இரும்புக் கட்டையின்மேல் வைத்து ஆணித் தலையில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். இரண்டு தட்டு தேவைப்படும் இடத்தில் மூன்று தட்டினால் கத்தி திறக்காது. பொறுமை பழகுவதற்கு இது ஒரு நல்ல ஆசிரியர்.

பித்தளை என்பதால் சென்னைக் காற்றில் இரண்டு மாதத்தில் கறுத்து, மடிப்பின் மூலையில் களிம்பு ஏறும். நம் வீட்டு வழக்கப்படி புளி போட்டுத் தேய்க்கத்தான் கை போகும். செய்யாதீர்கள். குத்துவிளக்குக்குப் புளி சரி. இங்கே அந்தப் புளிப்பு மடிப்புக்குள் இறங்கி, கார்பன் எஃகு அலகின் அடியில் தங்கி, உள்ளிருந்தே துருவை வளர்க்கும். ஈரமில்லாத துணியில் பித்தளை மெருகுப் பசை தொட்டு வெளிப்புறத்தை மட்டும் துடைத்தால் போதும். கறுத்த பித்தளையே அழகு என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

டூக்-டூக் இந்த நான்கில் கரடுமுரடானது. பிரான்சின் கத்தி நகரமான தியேரில், கோன்யே குடும்பத்தின் பட்டறை 1929-ல் பசிபிக் தீவுகளில் விற்பதற்கென்று வடிவமைத்தது. பிடியில் பொறித்த உருவம் மெலனீசிய ஆவி ஒன்றைக் குறிக்கிறது. எஃகுத் தகட்டை மடித்த மெல்லிய பிடி. சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. வில் மிகவும் விறைப்பானது என்பதுதான் இதன் விசித்திரம். பூட்டு வைக்காமல் முழுப் பொறுப்பையும் வில்லின்மேல் போட்டுவிட்டார்கள். நகம் மெலிந்தவர்கள் திறப்பதற்குள் நகத்தை இழப்பார்கள். மூடும்போது கவனம் தவறினால் அலகு விரல்களை நோக்கி வேகமாக வந்து விழும். முதல் கத்தியாக இதை யாருக்கும் சொல்ல மாட்டேன். அலகும் பிடியும் துருப்பிடிக்கும் எஃகு என்பதால் சென்னையில் இதை வைத்திருப்பவர் வாரம் ஒருமுறையாவது எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும்.

இன்றைய இளைஞர்கள் கண் போகும் நவீனக் கத்திகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. கட்டைவிரல் நுழையும் வட்டத் துளையும், பையின் விளிம்பில் மாட்டும் கிளிப்பும் 1981-ல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனத்தால் பரவலாயின. பிடிக்குள்ளிருக்கும் உலோகத் தகடே அலகின் அடியில் வந்து அண்டைகொடுக்கும் லைனர் லாக் முறையை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கைவினைஞர். பிடியின் பாதியையே அப்படிப் பூட்டாக மாற்றிய இன்னொரு கைவினைஞர் கிறிஸ் ரீவ் அடுத்த அடியை எடுத்து வைத்தார். ஒரு கையால் திறப்பது என்ற மூன்றாவது கேள்விக்கு இவை சொன்ன விடை சிறப்பானது. ஆனால் இந்தப் பூட்டு மயிரிழைக் கணக்கில் நிற்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் நான் வாங்கிய ஒரு கத்தி கண்ணுக்கு மிக அழகாக இருந்தது. திறந்து, விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெல்ல அழுத்தினேன். பூட்டுத் தகடு வழுக்கி விலக, அலகு சத்தமே இல்லாமல் மடங்கியது. பார்த்தால், தகட்டின் நுனி அலகின் அடியைத் தொட்ட இடம் நகக்கீற்று அளவுகூட இல்லை. அந்த வாரமே அதைத் திருகு கழற்றிப் பிரித்துப் பாடம் படிக்கும் பொருளாக வைத்துக்கொண்டேன்.

ஆகவே எந்த நவீனக் கத்தியையும் கையில் வாங்கியதும் இதைச் செய்யுங்கள். முழுவதும் திறந்து, அலகை மேலும் கீழும், பிறகு இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டத்தை அச்சாணித் திருகை இறுக்கிச் சரிசெய்யலாம், மேல்கீழ் ஆட்டம் பூட்டின் குறை, அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. பூட்டுத் தகடு அலகின் அடியில் முழுக் கனமும் பொருந்தி நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இடக்கைக்காரராக இருந்தால் வாங்குவதற்கு முன்பே பூட்டைத் தள்ளிப் பாருங்கள், ஏனெனில் பெரும்பாலானவை வலக்கைக்கென்றே செய்தவை. அச்சாணியில் சிறு குண்டுகள் வைத்தவை வழுவழுவென்று திறந்தாலும், எலியட்ஸ் கடற்கரையில் ஒரு மாலை உட்கார்ந்துவிட்டு வந்தால் நுண்மணல் உள்ளே புகுந்து நறநறக்கும். வெண்கல வளையம் வைத்த எளிய அச்சாணியே நம் ஊருக்கு ஏற்றது. டி2 என்ற எஃகைத் துருப்பிடிக்காதது என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அதில் குரோமியம் சற்றேறக்குறைய 12 சதவீதம் இருந்தாலும் பெரும்பகுதி கார்பனுடன் சேர்ந்து கட்டுண்டுவிடுவதால், கடற்கரைக் காற்றில் அது புள்ளி வைக்கத்தான் செய்யும்.

பாதுகாப்பைப் பற்றிப் பலரும் செய்யும் பிழை ஒன்று, கத்தியை அழகான தோலுறையில் போட்டு மாதக்கணக்கில் வைத்துவிடுவது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் தங்கியிருக்கும். உறையைத் தனியாகவும் கத்தியைத் தனியாகவும் வையுங்கள். நான் மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில், மருந்து பாட்டில்களிலும் செருப்புப் பெட்டிகளிலும் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் நாலைந்தைப் போட்டு, கத்திகளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறேன். எண்ணெய் என்றதும் தேங்காய் எண்ணெயைத் தடவிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நாளடைவில் சிக்குப்பிடித்து அச்சாணியை ஒட்டிவிடும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் ஒரு சின்ன டப்பா வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வரும்.

கூர் தீட்டுவதில் எனக்கு நல்ல புத்தி சொன்னவர் எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் வரும் சாணை பிடிப்பவர். ஓபினெலை அவரிடம் நீட்டியபோது, வாங்கிக் கட்டைவிரலால் அலகின் கனத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சார், இது ரொம்ப மெல்லிசு. சக்கரத்துல வச்சா சூடேறி நீலம் பாஞ்சிடும், அப்புறம் கூரே நிக்காது. தண்ணிக் கல்லுல நீங்களே தேச்சுக்குங்க" என்றார். அரிவாள்மனைக்கும் வெட்டுக்கத்திக்கும் அவர் கை வைத்தால் நிகரில்லை. தன் சக்கரம் எதற்கு ஏற்றது, எதற்கு ஏற்றதல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். சொன்னபடியே 1000 எண் (கல்லின் துகள் நுண்மையைக் குறிக்கும் எண்) தண்ணீர்க் கல் ஒன்று வாங்கினேன். இந்த நான்கு கத்திகளுக்கும் அது ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். படைக்கலச் சட்ட விதிகள், வீட்டு வேலைக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்படாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதமாக வகைப்படுத்துகின்றன. இங்கே சொன்ன நான்கும் அதன் பாதியளவுகூட நீளமில்லாதவை. ஆயினும் விமானத்தில் கைப்பையில் எந்த மடக்குக் கத்தியையும் கொண்டுபோக விடமாட்டார்கள். மீனம்பாக்கத்தில் சோதனை வரிசையில் நின்றபடி சாவிக்கொத்தில் மறந்துபோன சிறு சுவிஸ் கத்தியைத் துறந்துவிட்டுப் போனவர்கள் என் நண்பர்களிலேயே இருவர் இருக்கிறார்கள். மெட்ரோவிலும் பை சோதனை உண்டு என்பதால், நகரத்துக்குள் போகும்போது நான் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன்.

அக்கா மகனுக்கு நான் சொன்ன வரிசை இது: முதலில் துருப்பிடிக்காத அலகு கொண்ட ஓபினெல் 8, ஆறு மாதம் கழித்துப் பயனீர், கல்லில் கூர் தீட்டக் கை பழகிய பிறகு ஹிகோனோகாமி. டூக்-டூக்கை என் வீட்டுக்கு வரும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும். முதலாவதை அவன் வாங்கிவிட்டான். சென்ற வாரம் மழை பெய்த இரவில் கைப்பேசியில் அழைத்து, "மாமா, தட்டினாலும் தெறக்க மாட்டேங்குது" என்றான். பிடியின் பின்முனையை மேசையின் நடுவில் தட்டுகிறானா, விளிம்பில் தட்டுகிறானா என்று கேட்டேன். நடுவில்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். விளிம்பில் தட்டச் சொன்னேன். அலகு நுனி வெளியே வந்த சத்தம் இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.